கட்டுப் போட்ட கையெழுத்து

ஆடிட்டர் போனில் "நேர்ல வாங்க மேடம், பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது. நல்ல செய்தி சொல்ல யாராவது நேரில் கூப்பிடுவார்களா? நல்லது என்றால் போனிலேயே கொட்டிவிடுவார்கள். வயிற்றைக் கலக்குகிற சமாசாரத்துக்குத்தான் நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்து, ஏசியைக் கூட்டி உட்கார வைப்பார்கள்.

என் தம்பி குத்துச்சண்டைக்காரன். பள்ளிக்கூடத்துக் கோப்பை, மெடல் என்கிற ரகம் இல்லை. டிவியில் காட்டுகிற, பணம் புரள்கிற தொழில்முறைச் சண்டை. ஜனங்கள் அவனுக்கு வைத்த பேர் இடிதாங்கி. எத்தனை குத்து விழுந்தாலும் விழமாட்டான். எதிராளி அடித்து அடித்துக் களைத்துப்போன பிறகு இவன் ஒன்றே ஒன்று கொடுப்பான், அவன் சாய்ந்துவிடுவான். கூட்டம் எழுந்து நின்று கத்தும். நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். அவன் கொடுக்கிற ஒரு அடிக்குக் கைதட்டல், வாங்குகிற அத்தனை அடிக்கும்தான் காசு. அந்தக் காசுக்குக் கணக்கு வைக்கிறவள் நான், அவன் அக்கா. அதற்கு முன்னால் ஒரு நூல் மில்லில் சம்பளக் கணக்குப் பார்த்தவள். என் வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். இவனுடைய பணத்தைச் சுற்றி மொய்த்தவர்களைப் பார்த்திருந்தால் உங்கள் வாயும் நீண்டிருக்கும்.

முதல் பெரிய பணம் வந்த வருஷம் நான் பக்கத்தில் இல்லை. வந்தது முழுக்கத் தன்னுடையது என்று நினைத்துவிட்டான். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் வருகிற வியாதி அது. மாதச் சம்பளக்காரனுக்கு வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுப்பார்கள். இவர்களுக்கு மொத்தமும் ஒரே நாளில் வந்து விழும். வரி அடுத்த வருஷம்தான் ஆடி அசைந்து வந்து கதவைத் தட்டும். அதற்குள் மேனேஜர் பங்கு, மாஸ்டர் பங்கு, பயிற்சி முகாம் செலவு, கூட வந்தவன், கூட வந்தவனோடு ஒட்டிக்கொண்டு வந்தவன் என்று எல்லாம் தண்ணீராய் ஓடியிருக்கும். லிஃப்டில் பார்த்து "கலக்கிட்டீங்க சார்" என்று சொன்ன ஒருத்தனுக்கு பைக் வாங்கிக் கொடுத்திருக்கிறான் என் தம்பி. அவன் பேர் என்னடா என்று கேட்டேன். தெரியாது என்றான்.

அடுத்த வருஷம் வரி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். நான் அன்று அங்கேதான் இருந்தேன். கத்தவில்லை, மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்; அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சோபா, டிவி, துணி துவைக்கிற மெஷின் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதிக்கொண்டு, ஃபிரிட்ஜின் கதவில் ஒரு ஜப்திச் சீட்டை ஒட்டினார்கள். உள்ளே பாலும் அவன் கண்ணுக்கு வைக்கிற ஐஸும் இருந்தன. திறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அதன் முன்னாலேயே நின்று அழுதேன். கார் பாதி விலைக்குப் போயிற்று. கடனை உடனை வாங்கி அந்தத் தடவை தப்பித்தோம். ஆனால் அன்றிலிருந்து வாசல் மணி அடித்தால் ஜன்னல் வழியாக யாரென்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன்.

அதற்குப் பிறகு மேனேஜரை அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். பணம் வந்ததும் முதல் வேலையாக வரிப் பங்கு தனிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பேர் வரிக் கணக்கு; அதிலிருந்து எடுக்க இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். அதன்பிறகுதான் மற்றவர்கள் பங்கு. மிச்சத்திலிருந்து தம்பிக்கு மாதச் சம்பளம். "கோடிக்கணக்குல சம்பாதிக்கிறேன், அக்கா கிட்ட பாக்கெட் மணி வாங்குறேன்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும், ஃபிரிட்ஜில் சீட்டு இல்லையே.

அந்த வரிக் கணக்கு தொடங்கிய கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு பெரிய சண்டை அன்று மாலை. பணம் மறுநாள் வந்து விழும், அதற்குள் கணக்கு இருந்தாக வேண்டும். பேங்க் ஆள் தாமதமாக, உடை மாற்றும் அறைக்கே ஓடி வந்தார். அதற்குள் மாஸ்டர் தம்பியின் இரண்டு கைக்கும் கையுறைக்கு அடியில் போடுகிற கட்டுத்துணி சுற்றி, டேப் ஒட்டி முடித்திருந்தார். மாஸ்டர்தான் அவனுக்குச் சின்ன வயதிலிருந்து பயிற்சி கொடுத்தவர். சண்டை நடத்துகிற குழுவின் மேற்பார்வையாளர் வந்து கட்டைத் தடவிப் பார்த்து, உள்ளே எதுவும் ஒளித்துவைக்கவில்லை என்று அதன்மேலேயே கையெழுத்தும் போட்டுவிட்டார். போட்டபின் கட்டை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் சண்டையே இல்லை. வேறு வழியில்லாமல் விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகிக்கொண்டு தம்பி கையெழுத்துப் போட்டான். கோழி கிளறின மண் மாதிரி என்னவோ வந்தது. பேங்க்காரர் அதையே மாதிரிக் கையெழுத்தாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தம்பியின் நிஜக் கையெழுத்து அப்படி இருக்காது. பள்ளிக்கூடத்தில் படிப்பைத் தவிர மற்ற எல்லாம் செய்தவன், கையெழுத்தை மட்டும் அழகாகப் பழகி வைத்திருந்தான். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு பின்னால் வந்து எல்லா எழுத்தையும் ஒரே சுழிப்பில் அடியில் தாங்கிக்கொள்ளும். பின்னாளில் பிரபலம் ஆவோம் என்று அவனுக்கு அப்போதே தெரியும்போல. அந்த அழகான கையெழுத்தைப் போட்டு முதல் செக்கைக் கொடுத்தபோது, பேங்கில் ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். மாஸ்டரை வீட்டுக்கு வரவழைத்து, கையைக் கட்டி, மறுபடி போட்டான். உடனே பாஸ்.

மாற்றிக்கொள்ளலாம், ஒரு மனு கொடுத்தால் போதும் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். எனக்கு அதில் ஒரு வசதி தெரிந்தது. ஒருமுறை சிநேகிதன் ஒருத்தன் ஹோட்டல் ஆரம்பிக்கலாம் என்று இவன் மண்டையைக் கழுவிவிட்டான். வரிக் கணக்கில் சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொடு என்று வந்து நின்றான் தம்பி. சரி, மாஸ்டரைக் கூப்பிடு என்றேன். மாஸ்டர் வந்தார், உட்கார்ந்தார், ஒவ்வொரு விரலாகப் பிரித்து நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தார். பாதியில் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடுங்க மாஸ்டர், எனக்குச் சமைக்கவே தெரியாது" என்று எழுந்துவிட்டான். பூட்டு என்றால் அதுதான் பூட்டு. அதற்கப்புறம் வருஷா வருஷம் வரி கட்டுகிற அன்று மட்டும் மாஸ்டர் வருவார், கட்டுவார், தம்பி கையெழுத்துப் போடுவான், மூன்று பேரும் டீ குடிப்போம்.

இப்போது ஆடிட்டர் அறைக்கு வருகிறேன். அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தியதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"பயிற்சி முகாம் செலவை வரி ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டேங்குறாங்க மேடம். கூட மோதிப் பழகுறதுக்கு வந்த பசங்களுக்கு எல்லாம் ரொக்கமா கொடுத்திருக்கீங்க. ரசீது இல்ல."

"மூக்கு உடைஞ்சு நிக்கிறவன்கிட்ட எப்படி சார் ரசீது கேக்கிறது?"

"எனக்குப் புரியுது. அவங்களுக்குப் புரியாதே." அவர் ஒரு தொகையைச் சொன்னார். அபராதமும் சேர்த்து. அவர் நகர்த்திய தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தேன். வரிக் கணக்கில் இருப்பது பாதிக்குக் கொஞ்சம் மேல் வரும், அவ்வளவுதான்.

"இருக்கிறதை இந்த மாசக் கடைசிக்குள்ள கட்டிடுங்க. மிச்சத்துக்குக் கொஞ்சம் டைம் வாங்கித் தரேன். அதுக்கு மேல ரெண்டே வழிதான். ஒண்ணு, வீட்டை வித்துடணும். இன்னொண்ணு, தம்பி அடுத்த சண்டைக்கு ஒத்துக்கணும். முன்பணமே போதும்னு நினைக்கிறேன்."

அடுத்த சண்டைக்கான ஒப்பந்தம் என் கைப்பையிலேயே இருந்தது. எதிராளி வயதில் சின்னவன். கடைசியாக அவனோடு மோதியவனை ஸ்ட்ரெச்சரில்தான் வெளியே கொண்டுபோனார்கள். தம்பியும் கையெழுத்துப் போட வேண்டும், மேனேஜர் என்கிற முறையில் நானும் போட வேண்டும். உடல் பரிசோதனை எல்லாம் சண்டை நடத்துகிறவர்களின் டாக்டரே பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தம்பி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மூடி போட்ட பாட்டிலில் உறிஞ்சிக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளாக டீயைக்கூட அதில்தான் குடிக்கிறான். பயிற்சிப் பழக்கம் என்று நான் விட்டுவிட்டேன். சட்டை போடுவதையும் விட்டுவிட்டான், எப்போதும் டி-ஷர்ட்தான். கம்பெனிக்காரன் சும்மா கொடுக்கிறான், போடுகிறான் என்று நினைத்தேன். எனக்கு மெசேஜ் எழுதுவதையும் நிறுத்திவிட்டு, எல்லாம் குரலில் பேசி அனுப்பினான். சோம்பேறி என்று திட்டினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணக்குப் பார்க்கிறவள்தான் நான்.

"எப்பக்கா கட்டணும்?" என்றான்.

"மாசக் கடைசிக்குள்ள."

"செக்கை வச்சிட்டுப் போ. மாஸ்டரைக் கூப்பிட்டுக் கட்டிக்கிறேன். அப்புறம் அந்த ஒப்பந்தத்தையும் முடிச்சிடலாம். ஒரே சண்டை, எல்லாம் சுத்தமாயிடும்."

எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, மறைப்பானேன். வீடு தப்பித்தது என்றுதான் முதலில் தோன்றியது. கொஞ்சம் கழித்து அவன், "எப்பக்கா கட்டணும்?" என்று மறுபடி கேட்டான். காதில் வாங்காமல் பேசுகிறான் என்று எரிச்சலோடு திரும்பச் சொன்னேன்.

இரண்டொரு நாளில் போனபோது செக் தயாராக இருந்தது. மாஸ்டர் வந்தாரா என்றேன். "வந்தாரு, போனாரு" என்றான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்கு டீ குடிக்காமல் மாஸ்டர் போனது கொஞ்சம் வருத்தம். நான் என் கையெழுத்தையும் போட்டு எடுத்துக்கொண்டு நேராக பேங்குக்குப் போனேன்.

இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கவுண்டருக்கு முன்னால் பரீட்சை முடிவுக்கு நிற்கிறவள் மாதிரிதான் நிற்பேன். அங்கே இருக்கிற பெண் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு செக்கையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்ப்பாள். கட்டு இறுகிக் கிறுக்கல் மாறிப்போனதால் ஒருமுறை திருப்பியிருக்கிறாள். அன்று ஒரே பார்வை பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினாள்.

"இந்தத் தடவை என்ன மேடம், அப்படியே அச்சு மாதிரி இருக்கு" என்றாள். "எப்பவும் கொஞ்சம் வித்தியாசம் வரும். மேலதிகாரியைக் கேட்டுட்டுத்தான் விடுவேன்."

பாதி பாரம் இறங்கிவிட்டது என்று படியில் நின்று மூச்சு விட்டேன். நல்லதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

"மாஸ்டர், செக் பாஸாயிடுச்சு. டீ குடிக்காமப் போயிட்டீங்களாமே."

"எந்த செக்கும்மா? நான் மக வீட்டுல இருக்கேன். போன வாரமே வந்துட்டேனே. தம்பிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். திரும்பி வந்ததும் வழக்கம்போலக் கட்டிவிடலாம்னு நினைச்சிட்டிருந்தேன்."

வெயிலில் இறங்கி ஒரு ஆட்டோவில் ஏறினேன். தானே கட்டிக்கொண்டிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனுக்குத் தானே கட்டிக்கொள்ளத் தெரியாதா என்ன, தெரியும். பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு இன்னொரு கையால் சுற்றுவான், பார்த்திருக்கிறேன். தானேதான் கட்டியிருப்பான். வீடு போய்ச் சேருகிறவரை அந்த ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். டிரைவர் என்னிடம் இரண்டு தரம் வழி கேட்டார், நான் பதில் சொன்ன ஞாபகம் இல்லை.

கட்டுத்துணி வைக்கிற அலமாரியைத்தான் முதலில் திறந்தேன். மாஸ்டர் போவதற்கு முன் வாங்கி வைத்த சுருள்கள், மேலே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வரிசையாக இருந்தன. டேப்பும் அப்படியே. தம்பி மேஜையில் உட்கார்ந்திருந்தான். அலமாரிக் கதவைத் திறந்த சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கைகளை மடியில், மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

நான் ஒரு வெற்றுக் காகிதத்தையும் பேனாவையும் அவன் முன்னால் வைத்தேன்.

"உன் கையெழுத்தைப் போடு. பழைய கையெழுத்து. சுழிச்சுப் போடுவியே, அது."

"எதுக்குக்கா, ரசிகையா நீ?"

"போடுடா."

"அப்புறம் போட்டுத் தரேன்."

"இப்பப் போடு." என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

அவன் வலது கையை மேலே எடுத்தான். மேஜை விளிம்பில் வைத்துவிட்டு, இடது கையால் அதன் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தான். பிடித்தும் நிற்கவில்லை. பேனா முனை காகிதத்தைத் தொட்டதும் டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்தது. முதல் எழுத்தை ஆரம்பித்தான். கோடு கீழே இழுத்துக்கொண்டு போனது, திரும்பியது, தானாக எங்கேயோ போய் நின்றது. வெறும் கையால், ஒரு முழத் துணி சுற்றாமல், பேங்கில் இருக்கிற அதே கிறுக்கலை என் தம்பி போட்டான். அச்சு மாதிரி என்று அந்தப் பெண் சொன்னது சரிதான்.

நான் உட்கார்ந்துவிட்டேன். வரி அலுவலகத்து ஆட்கள் வந்த அன்று எனக்கு வந்ததெல்லாம் ஒரு பயமா என்று இருந்தது.

"எத்தனை நாளா?"

"போன சண்டைக்கு அப்புறம். முதல்ல காலையில மட்டும்தான் இருந்துச்சு. கையுறை போட்டுட்டா யாருக்கும் தெரியாதுக்கா. குத்தும்போது நல்லாத்தான் இருக்கு."

"டாக்டர் பார்த்தாரே."

"அவர் டாக்டர்தானே, பார்த்தாரு. கையைப் பாக்கெட்டுல விட்டுட்டு நின்னேன், டிக் பண்ணிட்டுப் போயிட்டாரு. அவருக்கும் டிக்கெட்டு வித்தாகணுமில்ல."

"என்கிட்ட ஏண்டா சொல்லல? இதோட போய் அவன்கிட்ட தலையைக் கொடுக்கலாம்னு இருந்தியா? உனக்கு மூளை இருக்கா?" சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அவன் கோபப்படவில்லை. "இப்பல்லாம் நிறைய மறந்து போவுதுக்கா. மாஸ்டர் மக பேரு மறந்து போச்சு. வீட்டுக்கு வர்ற வழியில ஒருநாள் எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியல, நின்னுட்டிருந்தேன். ஆனா நீ ஃபிரிட்ஜ் முன்னாடி நின்னு அழுதது மட்டும் மறக்க மாட்டேங்குது. அந்தச் சீட்டோட கலருகூட இருக்கு. மறுபடி உன்னை அப்படி நிக்க வைக்கக் கூடாதுன்னு நினைச்சேன். ஒரே சண்டைதானே."

எனக்கு அழுகை வரவில்லை. அழுதால் அதையும் ஞாபகம் வைத்துக்கொண்டு எங்கேயாவது போய் நிற்பான் என்று பயமாக இருந்தது. ஒப்பந்தத்தைப் பையிலிருந்து எடுத்தேன். அவன் பேனாவை நகர்த்தினான். நான் அந்தக் காகிதங்களை அவன் குடித்து வைத்திருந்த பாட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு ஆடிட்டரைக் கூப்பிட்டேன்.

"சார், வீட்டை வித்துடறோம்."

"அவசரப்படாதீங்க மேடம். முன்பணம் வந்தா…"

"சண்டை இல்ல சார். இந்தச் சண்டை மட்டும் இல்ல, எதுவுமே இல்ல. நல்ல மூளை டாக்டர் யாராவது தெரிஞ்சா அதையும் சொல்லுங்க. டிக்கெட் விக்காத டாக்டரா."

ஆடிட்டர் இல்லையா, வேலையைத்தான் பார்த்தார். "வீடு தம்பி பேர்ல இருக்கு. பதிவு அலுவலகத்துல பழைய பத்திரத்துல இருக்கிற கையெழுத்து வேணும். ஒத்துப்போகலைன்னா கஷ்டம்."

"ஒத்துப்போகாது."

"அப்படின்னா கைநாட்டு வைக்கலாம். சட்டத்துல இடம் இருக்கு."

வீடு விலைபோக ரொம்ப நாள் ஆகவில்லை. இடிதாங்கி வீடு என்று வாங்குகிறவன் கொஞ்சம் கூடவே கொடுத்தான். அதற்குள் டாக்டரிடமும் போய்வந்தோம். மூளையைப் படமெடுத்திருக்கிறார்கள், இன்னும் எடுக்கவேண்டும் என்கிறார்கள். "இத்தோடயாவது நிறுத்தினீங்களே" என்று மட்டும் சொன்னார் அவர். எவ்வளவு தாமதமாக நிறுத்தினோம் என்று நான் கேட்கவில்லை.

பதிவு அலுவலகத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்து, தம்பியின் கட்டைவிரலைப் பிடித்தார். "விறைப்பா வைக்காதீங்க சார், கையை லூசா விடுங்க."

"லூசாத்தான் விட்டிருக்கேன்" என்றான் தம்பி.

எழுத்தர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஏதோ மெஷின் ஓடுகிற மாதிரி அந்த நடுக்கம் என் முழங்கைவரை ஏறியது. அத்தனை பக்கத்துக்கும் அப்படியே வைத்து முடித்தோம்.

வெளியே வரும்போது வாசல் காவலாளிக்கு அவனை அடையாளம் தெரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இடிதாங்கி சார்தானே? என் பையன் உங்க பைத்தியம் சார். ஒரே ஒரு கையெழுத்து" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

தம்பி பேனாவைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லித் தப்பிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன், என் நீள வாய்க்கு அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் என் பிடியிலிருந்து கையை இழுத்துக்கொள்ளாமல், மை காயாத கட்டைவிரலை அந்த நோட்டின் நடுவில் அழுத்தினான்.

"கையெழுத்தை யாரு வேணா காப்பி அடிப்பாங்க" என்றான். "இது என்னுது மட்டும்தான்னு பையன்கிட்ட சொல்லுங்க."

காவலாளிக்கு ஒரே சந்தோஷம். யாருக்குமே இப்படிக் கிடைத்திருக்காது என்று சிரித்தார், ஊதி ஊதி உலர்த்தினார். தம்பியும் சிரித்தான். நானும் சிரித்தேன். பேருந்து நிறுத்தம்வரை அவன் மணிக்கட்டை நான் விடவில்லை.